ஆட்சேபம் தெரிவித்த பெற்றோர்

கடைத்தெருவில் அவருக்கு ‘ரசீது’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘ரசீது அண்ணன்’, முதுகுக்குப் பின்னால் வெறும் ‘ரசீது’. குளிர்பதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை அவருடையது. கதவு ரப்பரை மாற்றிக் கொடுத்தாலும் ரசீது எழுதுவார். பக்கத்துக் கடைக்குத் திருப்புளியை இரவல் கொடுத்தாலும் கையெழுத்து வாங்குவார். “அண்ணனுக்குத் தும்மல் வந்தா மூக்குகிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிட்டுத்தான் தும்முவாரு” என்று பக்கத்து சைக்கிள் கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ரசீது கோபித்துக்கொள்ளமாட்டார். சிரிக்கவும் மாட்டார்.

இது பிறவிக் குணம் அன்று. மகளுக்கு இரண்டு வயதானபோது அவர் ஒரு குளிர்பதன நிறுவனத்தின் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தார். ஒரு மாலையில் மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, சீட்டு எதுவும் இல்லாமல் நான்கு கம்ப்ரசர்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். இருப்பைச் சரிபார்த்த நாளில் மேலாளர், “நான் எப்ப சொன்னேன்?” என்று கையை விரித்துவிட்டார். பழி இவர் தலையில் விழுந்தது. மூன்று மாதம் சிறையில் இருந்தார். பிறகு ஜாமீனில் வந்து, இரண்டு ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்து, குற்றமற்றவர் என்ற தீர்ப்புடன் வெளியே வந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மனிதர், அந்த இரண்டு ஆண்டுகளில் பழைய சட்டப் புத்தகங்களைத் தேடி வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாமே படித்தார். தீர்ப்பு வந்த பிறகும் நிறுவனம் அவரைத் திரும்ப அழைக்கவில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட எழுதவில்லை. அன்றிலிருந்து எழுத்தில் இல்லாத எதையும் அவர் நடந்ததாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மகளிடம் மட்டும் எழுத்திலும் சொல்லவில்லை, வாயாலும் சொல்லவில்லை. பள்ளியில் சேரட்டும் என்றார், சேர்ந்தாள். பத்து வயது ஆகட்டும் என்றார், ஆயிற்று. இப்போது எட்டாம் வகுப்பு. ‘பாப்பா’ என்று கூப்பிட்டால், “அப்பா, வெளில அப்படிக் கூப்பிடாதீங்க, மானம் போகுது” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள். பழுதுக்கு வந்த பெட்டிக்குள் தலையை விட்டு எதிரொலி எழுப்பி விளையாடிய பிள்ளை, இப்போது தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. கதவைத் தட்டிவிட்டு நிற்கும்போதெல்லாம், தம் வீட்டிலேயே மனுக் கொடுக்க வந்தவரைப் போல அவருக்குத் தோன்றும்.

அந்த ஆண்டு பள்ளியில் வகுப்பு வாசிப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே கதைப் புத்தகம், வாரம் ஒரு அத்தியாயம், படித்துவிட்டுப் பேசவேண்டும். பச்சை அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை மகள் ஒரு நாள் மதியம் கடை மேசையில் மறந்துவிட்டுப் போனாள். ரசீது ஒரு பெட்டியின் செப்புக் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, வாயு எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி வரும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் நேரத்தில் புத்தகத்தைப் புரட்டினார். அப்பா சிறையில் இருக்கும் ஒரு சிறுமியின் கதை அது. அவர் ஏன் உள்ளே போனார் என்பதை வீட்டில் எல்லாரும் அவளிடம் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். தோழிகள் கேட்கும்போது அப்பா கப்பலில் வேலை செய்கிறார் என்று அவள் பொய் சொல்கிறாள். பொய் மேல் பொய்யாக ஏறி, கடைசியில் அவளுக்கே கப்பல் எது, சிறை எது என்று குழம்பிப் போகிறது. ரசீது நின்றபடியே கடைசிப் பக்கம்வரை படித்தார். குழாயில் குமிழி வந்ததா, எந்த இடத்தில் வந்தது என்று அவர் பார்க்கவில்லை.

நல்ல புத்தகம் என்றே அவருக்குப் பட்டது. அதுதான் பயமாக இருந்தது. அப்பா எதற்காகச் சிறைக்குப் போனார் என்று அந்தச் சிறுமி கேட்கும் அத்தியாயம் இன்னும் மூன்று வாரத்தில் வகுப்புக்கு வரும். யாரோ ஒரு பிள்ளை, யாரோ ஒரு மாமா சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து, “உங்கப்பாவும் உள்ள இருந்தவருதானே?” என்று கேட்டுவிட்டால்? அதற்கு முன்பாகத் தாமே சொல்லிவிடவேண்டும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அவ்வளவுதான் அவர் நினைத்தது.

வேறு யாராக இருந்தாலும் பள்ளி வாசலில் வகுப்பாசிரியையைப் பார்த்து, ‘டீச்சர், ஒரு மாசம் எம்பொண்ண மட்டும் வேற ஏதாச்சும் படிக்க வைங்க’ என்று சொல்லியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். ரசீதுக்கு வாயால் கேட்கத் தெரியாது. தலைமையாசிரியைக்கு முறைப்படி மனு எழுதினார். பொருள், பார்வை, எண்ணிட்ட பத்திகள். ‘இப்புத்தகம் சில குடும்பச் சூழல்களில் மாணவருக்கு மனவுளைச்சல் ஏற்படுத்தக்கூடும் என்பதால், என் மகளைப் பொறுத்தமட்டில் ஒரு மாத காலத்துக்கு வாசிப்பை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி, நகலில் பெறப்பட்டதற்கான முத்திரை வேண்டும் என்று அலுவலகத்தில் நின்றார்.

“முத்திரையா? இதுக்கா?” என்றார் எழுத்தர்.

“இதுக்குத்தான்.”

“சார், லெட்டரை வச்சிட்டுப் போங்க, மேடம்கிட்ட குடுத்துடறேன்.”

“முத்திரை குத்திட்டுக் குடுங்க, நான் போயிடறேன்.”

எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். குத்தினால் பதிவேட்டில் ஏற்றவேண்டும். ஏற்றினால் எண் கொடுக்கவேண்டும். எண் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கவேண்டும். தலைமையாசிரியை கடிதத்தைப் படித்தார். இப்படி எழுதுகிற ஆள் நாளைக்கே வழக்கறிஞரோடு வந்து நிற்பார் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். அந்த வாரமே நாற்பது புத்தகங்களையும் பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். நூலகத்தில் இருந்த பிரதியையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: ‘பெற்றோர் ஒருவரின் எழுத்துபூர்வமான ஆட்சேபத்தின் பேரில் மேற்படி நூல் மறுபரிசீலனை முடியும்வரை விலக்கிக்கொள்ளப்படுகிறது.’

அதைக் கேள்விப்பட்ட ரசீது அன்றே இரண்டாவது கடிதம் எழுதினார். தாம் தடை எதையும் கோரவில்லை என்றும், தம் சொற்களைத் திரித்துப் பொருள்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுதி, முதல் கடிதத்தின் நகலையும் இணைத்தார். பதில் வந்தது: ‘விவகாரம் பெற்றோர் குழுவின் பார்வையில் உள்ளது.’ இன்னொரு முறை, தாம் செய்யாத ஒன்று தம் பெயரில் ஏறிவிட்டது. இந்த முறை அதற்கான சீட்டில் இருந்தது அவருடைய கையெழுத்தேதான்.

மறுநாள் பள்ளி விட்டதும் மகள் நேராகக் கடைக்கு வந்தாள். புத்தகப் பையை ஒரு பழைய கம்ப்ரசர் மேல் எறிந்தாள்.

“அப்பா, மனு எழுதணும். உங்களுக்குத்தான் நல்லா வருமே.”

“என்ன மனு?”

“எங்க புக்கைப் புடுங்கிட்டாங்க. யாரோ ஒரு அப்பாவோ அம்மாவோ லெட்டர் குடுத்திருக்காங்களாம். பாதியில புடுங்கிட்டாங்கப்பா! அந்தப் பொண்ணு அப்பாவைப் பாக்கப் போற எடம். பஸ்ல ஏறிட்டா. எறங்கவே இல்ல இன்னும்.”

சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். “யாரும்மா அந்த மகராசன்? பிள்ளைங்கள அப்படியே ஃபிரிட்ஜுல வச்சு வளராம பாத்துக்கலாம்னு நெனக்கிறவன்?”

“அதான் தெரியல மாமா. தெரிஞ்சா நல்லா கேட்டுடுவேன்.”

“உங்கப்பாகிட்ட சொல்லு. ஆளைக் கண்டுபிடிச்சு நோட்டீஸ் அனுப்பிடுவாரு.”

ரசீது கையில் இருந்த குறடைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் திரும்பவும் துடைத்தார். பிறகு வெள்ளைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்து, “நீயே எழுது. நான் பாத்துச் சொல்றேன்” என்றார்.

அவள் எழுதினாள். வேகமாக எழுதினாள். இருபத்திரண்டு பிள்ளைகள் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்களாம். தலையைச் சாய்த்து, நாக்கின் நுனியை உதட்டோரம் வைத்து அவள் எழுதியதைப் பார்த்தபோது, நீதிமன்ற வராந்தாவில் தாம் உட்கார்ந்து எழுதிய கோலம் அவருக்கு நினைவுக்கு வந்தது. இந்தப் பிடிவாதத்தை யாரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. பார்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு பார்க்கிறவள் வேறு எதையெல்லாம் பார்த்துவைத்திருக்கிறாளோ?

“‘ஆட்சேபம் தெரிவித்த பெற்றோர் இந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவே மாட்டார்.’ எப்படிப்பா இருக்கு?”

“அதை எடுத்துடு.”

“ஏன்? படிச்சிருந்தா குடுப்பாங்களா?”

“உன்னால நிரூபிக்க முடியாது. படிச்சிருந்தா என்ன பண்ணுவ?”

“படிச்சிட்டும் குடுத்திருந்தா, அது இன்னும் கேவலம்.”

அவர் தாளைச் சுட்டிக் காட்டினார். அந்த வரியை அவள் அடித்தாள். மற்றதில் அவர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கைவைத்தார். ‘பிடுங்கினார்கள்’ என்பதை ‘திரும்பப் பெற்றார்கள்’ என்றாக்கினார். தமக்கு எதிரான மனுவைத் தாமே செம்மைப்படுத்தி முடித்தார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுவதும் பிறருடைய மருந்துச் சீட்டுகளைப் படிக்கிறவர். வீட்டுக்கு வந்தால் எந்தத் தாளையும் தொடமாட்டார்.

“எத்தனை வருஷமா சொல்றேன்? நீங்களும் நேரம் பாத்துக்கிட்டே இருக்கீங்க.”

“சரியான நேரம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“இருந்துச்சு. போயிடுச்சு. இப்ப என்ன, அவ மனுவுக்குப் பதில் மனு போடப் போறீங்களா?”

“அவ என்னைத் திருடன்னு நெனச்சுட்டா?”

“ஏங்க, தீர்ப்பு வந்து எத்தனை வருஷமாச்சு? நீங்கதான் இன்னும் அதை நம்பல” என்றார் மனைவி. குரலை உயர்த்தவில்லை. “அவ விடுகதை மாதிரி என்கிட்ட கேட்டுட்டே இருக்கா, அப்பா ஏன் எல்லாத்துக்கும் கையெழுத்து வாங்கறாருன்னு. நான் எத்தனை நாளைக்கு மழுப்ப?”

அடுத்த நாள் விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரசீது மகளின் அறைக் கதவைத் தட்டினார். கையில் வழக்குக் கட்டு இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். கிடங்கு, மேலாளர், கம்ப்ரசர், சிறை, தீர்ப்பு. பிறகு கடிதம். எந்த இடத்திலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தொடர முடியாது என்று அவருக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை.

“இது எனக்கு எதுக்குப்பா?”

“படிச்சுப் பாரு. நான் எடுக்கலன்னு தெளிவா...”

“நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?” அவள் குரல் உடைந்தது. “ஒரு திருகாணிக்கு ரசீது குடுக்கறவரு நீங்க. நான் போய் உங்களை... இதை ஜட்ஜ் வந்து சொல்லணுமா எனக்கு?”

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

“நேத்து நான் எழுதினேனே. நீங்க பக்கத்துலயே உக்காந்து திருத்துனீங்க. ‘அதை எடுத்துடு’ன்னீங்க.” அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். “எனக்கு மட்டும் வேணாம்னு கேட்டிருந்தாலும் தப்புதான். ஏன் தெரியுமா? நான் அந்தப் புக்ல பாதி வரைக்கும் படிச்சிட்டேன். பயமே வரல எனக்கு. அந்தப் பொண்ணை எனக்குப் புடிச்சிருந்துச்சு.”

“பாப்பா...”

“போங்கப்பா. கொஞ்ச நேரம் போங்க.”

வெளியே வந்து கதவைத் தாமே சாத்தினார். குழந்தைகள் வளர்வதைப் பற்றி அவர் பலவாறு யோசித்ததுண்டு. செருப்பு சிறிதாகும், சட்டை சிறிதாகும், ஒரு நாள் வேலைக்குப் போவார்கள், அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தார். தாம் சுமந்துகொண்டிருந்த ஒன்றை, கனமே இல்லாததுபோல் அவள் ஒரே வாக்கியத்தில் ஓரமாய் எடுத்துவைத்துவிட்டு, தாம் கவனிக்காத வேறொரு காயத்தைக் காட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை ஆண்டுகள் வாயை மூடியிருந்தார். காப்பாற்றியது அவளையா, தம்மையா என்ற கேள்வியைச் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று அவர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். விடை பிடித்தமானதாக இல்லை.

பெற்றோர் குழுக் கூட்டம் ஐந்தாம் வகுப்பறையில் நடந்தது. சின்னஞ்சிறு பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மனுக் கொடுத்தவர்கள் என்ற முறையில் மகளும் இரண்டு தோழிகளும் பின்வரிசையில் இருக்க அனுமதி கிடைத்திருந்தது. அப்பாவும் மகளும் ஒரே வீட்டிலிருந்து வந்திருந்தும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள்.

“ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினா மட்டும் போதாது” என்றார் தலைமையாசிரியை. மேசைமேல் இரு கடிதங்களும் இருந்தன. “மனவுளைச்சல்னு எழுதிட்டீங்க. அது பதிவுல இருக்கு. காரணம் என்னன்னு குழுவுக்குத் தெரியணும்.”

ரசீது எழுந்தார். வீட்டில் எழுதிக்கொண்டு வந்த விளக்கம் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

“நான் மூணு மாசம் ஜெயில்ல இருந்தேன்” என்றார். “செய்யாத தப்புக்கு. கோர்ட்டு விடுதலை பண்ணிடுச்சு. எம்பொண்ணுக்கு நான் அதைச் சொல்லல. சொல்றதுக்கு அவகாசம் வேணும்னுதான் லெட்டர் குடுத்தேன். புத்தகத்து மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. குறை என் மேலதான். மத்த பிள்ளைங்களுக்கு அதைக் குடுத்துடுங்க.”

பெஞ்சு கிரீச்சிட்டது. அருகில் இருந்த ஓர் அம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். அது தற்செயலாகவும் இருக்கலாம். ரசீது கவனிக்காமலும் இல்லை.

குழுவில் இருந்த துணிக்கடை முதலாளி ஒருவர் கையைத் தூக்கினார். “பாவம், உங்க நெலம புரியுது சார். ஆனா, தப்பா எடுத்துக்காதீங்க, இப்ப நீங்க சொன்னதே போதுமே? ஒரு குடும்பத்தை இந்தப் புக்கு எவ்வளவு பாடு படுத்திடுச்சு பாருங்க. இந்த மாதிரி சமாச்சாரம் நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு?”

சிலர் தலையாட்டினார்கள். பதினோரு ஆண்டுகள் பூட்டி வைத்ததை நாற்பது பேர் முன்னால் அவிழ்த்து வைத்தார். அதையே எடுத்துப் புத்தகத்தின் வாயைக் கட்டப் பார்க்கிறார்கள்.

பின்வரிசையில் ஒரு பெஞ்சு பின்னுக்கு நகர்ந்தது.

“மாமா, பாடுபட்டது நான்” என்றாள் மகள். “நீங்க என்கிட்டதான் கேட்கணும். புக்கால எனக்கு ஒண்ணும் ஆகல. எல்லாரும் எனக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தீங்களே, அதாலதான்.”

“உக்காரும்மா” என்றார் தலைமையாசிரியை.

“உக்காந்துடறேன் மிஸ். ஒண்ணே ஒண்ணு. அந்தக் கதைல வர பொண்ணுகிட்ட எல்லாரும் பொய் சொல்றாங்க. அவ நல்லதுக்குன்னுதான் சொல்றாங்க. நாங்க படிச்சது அதைத்தான்.” அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

வாக்குவாதம் நீண்டது. யாரும் முழுதாக இறங்கி வரவில்லை. புத்தகம் நூலகத்துக்குத் திரும்பும். விரும்புகிறவர்கள் எடுத்துப் படிக்கலாம். வகுப்பில் வாசிப்பது அடுத்த கூட்டம்வரை நிறுத்தி வைக்கப்படும் என்று முடித்தார்கள். பாதிக் கிணறு தாண்டிய முடிவுதான். ரசீது அதை எழுத்தில் கேட்கவில்லை. அதைப் பார்த்து எழுத்தர்தான் ஆச்சரியப்பட்டார்.

வெளியே வந்தபோது தோழிகள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக நின்றார்கள். தோழிகளோடு போய்விடுவாள் என்று நினைத்து அவர் தனியாக நடக்கத் தொடங்கினார். மருந்துக்கடைத் திருப்பத்துக்கு முன்பாக அவள் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது. அவளுடைய தோள் இப்போது அவருடைய தோளுக்கு ஒரு சாண் கீழேவரை உயர்ந்திருந்தது.

“அங்க உங்க பக்கத்துல யாருப்பா படுத்திருந்தாங்க?”

அவர் நின்றுவிட்டார். வழக்கறிஞர்கள், காவலர்கள், நீதிபதி என்று எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

“ஒரு பெயின்டரு” என்றார். “தூக்கத்துல பேசுவாரு.”

“என்ன பேசுவாரு?”

“ஏணியைப் பிடி, ஏணியைப் பிடின்னு கத்துவாரு. கொஞ்ச நாள் பாத்தேன். அப்புறம், பிடிச்சிட்டேன் இறங்குங்கன்னு நானே பதில் சொல்லிடுவேன். தூங்கிடுவாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது; வந்ததை அடக்கிக்கொண்டாள். “நீங்க அழுதீங்களா?”

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மனைவி யாருக்கோ மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அழுதேன்” என்றார். “உனக்குப் பேச்சு வந்துடுச்சுன்னு அம்மா வந்து சொன்ன அன்னைக்கு.”

“நான் என்ன சொன்னேனாம் மொதல்ல?”

“தெரியல. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரே சத்தம். காதுல சரியா விழல. திரும்பக் கேக்குறதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு.”

“அப்புறமாச்சும் கேட்டிருக்கலாமே.”

“கேட்கல.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க. அம்மாகிட்ட இப்பவே கேப்போம்.”